கொண்டோ வீட்டுக்குள் சிலி பாடி: விளக்கை எங்கே தொங்கவிடுவது, செடியை எப்படித் தட்டையாக்குவது

கோலாலம்பூரிலும் பினாங்கிலும் வருடம் முழுக்க ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேரம் பகல். ஆனாலும் கொண்டோ பால்கனியில் வைத்த மிளகாய்ச் செடி ஒல்லியாக நீண்டு, நாலு பூ விட்டு, அதையும் கொட்டிவிட்டு நிற்கும். நம் ஊரில் நண்பகல் வெயில் ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேலே அடிக்கிறது. அந்த வெயில் முழுவதையும் மேல்மாடிக்காரரின் பால்கனித் தளம் வாங்கிக்கொள்கிறது. வடக்குப் பார்த்த பால்கனிக்கு ஏப்ரல் முதல் செப்டம்பர் முற்பாதி வரைதான் நேர் வெயில் கொஞ்சமாவது எட்டிப் பார்க்கும். தெற்குப் பார்த்ததற்கு மற்ற மாதங்கள். திறந்த வெளியில் நண்பகலில் ஒரு லட்சம் லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) இருக்கும்போது, கண்ணாடிக் கதவுக்கு உள்ளே இரண்டு மீட்டர் தள்ளி ஆயிரம் லக்ஸ்கூட இருக்காது. கண்ணுக்கு அது நல்ல வெளிச்சம், செடிக்குப் பட்டினி.

எனவே விளக்கு. இங்கே சொல்வதெல்லாம் 60-க்கு 60 சென்டிமீட்டர் இடம், ஒரு 100 வாட் எல்இடி பலகை, இரண்டு சிலி பாடி (குட்டையான காரமிளகாய்) செடி என்ற கணக்குக்கு. அந்த இடத்தில் நாலு தொட்டி வைக்கலாம் என்று தோன்றும். இரண்டு மாதத்தில் ஒன்றையொன்று மூடிக்கொள்ளும், இரண்டே போதும். குடைமிளகாய் போட ஆசைப்பட வேண்டாம். அது கேமரன் மலையில் நன்றாக வருவதற்குக் காரணம் அங்குள்ள குளிர். சிலி பாடிதான் நம் வீட்டுச் சூட்டைத் தாங்கும்.

தொடங்கும் முன் ஒரு எச்சரிக்கை. வீட்டுக்குள் விளக்கு வைத்து வளர்ப்பது பற்றி இணையத்தில் கிடைக்கும் குறிப்புகளில் பெரும்பகுதி கஞ்சாவுக்காக எழுதப்பட்டது. மலேசியாவில் கஞ்சா வளர்ப்பது 1952ஆம் ஆண்டு அபாயகர போதைப்பொருள் சட்டத்தின்படி ஆயுள் தண்டனை வரை கொண்டுபோகும் குற்றம், அது தனிக் கதை. மிளகாய் வளர்ப்பவருக்கு அந்தக் குறிப்புகளால் வேறொரு நஷ்டம் உண்டு. பூக்க வைப்பதற்காக விளக்கு நேரத்தைப் பன்னிரண்டு மணி நேரமாகக் குறைக்கச் சொல்வார்கள். மிளகாய்க்குப் பகல் நீளம் ஒரு பொருட்டில்லை, வயது வந்தால் அதுவே பூக்கும். நேரத்தைக் குறைத்தால் குறைவது காய்தான். அதில் சொல்லும் விளக்குப் பலமும் மிளகாய்க்கு அதிகம்.

வாங்க வேண்டியவை

விளக்கின் பெட்டியில் "1000 வாட்" என்று கொட்டை எழுத்தில் இருக்கும். நம்பாதீர்கள். பிளக்கிலிருந்து உண்மையில் எத்தனை வாட் இழுக்கிறது என்பதுதான் கணக்கு. விவரக் குறிப்பில் சின்ன எழுத்தில் 100 அல்லது 110 என்று இருக்கும். அதோடு ஒரு வாட்டுக்கு எத்தனை மைக்ரோமோல் ஒளி (செடி பயன்படுத்தும் ஒளியை எண்ணும் அலகு) என்ற எண்ணையும் பாருங்கள். 2.5 இருந்தால் நல்ல பலகை, 2-க்குக் கீழே என்றால் மின்கட்டணத்தில் பாதி சூடாகப் போகிறது என்று வைத்துக்கொள்ளலாம். எண்ணே போடாத கடைக்காரரிடம் வாங்காமல் இருப்பது நல்லது. ஊதா, சிவப்பு நிறத்தில் எரியும் விளக்கும் வேண்டாம். அதன் வெளிச்சத்தில் இலை மஞ்சளாகிறதா, பூச்சி வந்திருக்கிறதா என்று ஒன்றும் தெரியாது, பக்கத்து வீட்டுக்காரர் வேறு என்ன நடக்கிறது என்று கேட்பார். வெள்ளை விளக்கு, 3500 அல்லது 4000 கெல்வின், டிம்மர் (வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும்) திருகோடு. டிம்மர் கட்டாயம் வேண்டும். ஏன் என்று கீழே வருகிறது.

விளக்கை ஏற்றி இறக்க, தானே பூட்டிக்கொள்ளும் கொக்கிக் கயிறு ஒரு ஜோடி. கிடைக்காவிட்டால் ஹார்டுவேர் கடையில் மெல்லிய சங்கிலியும் எஸ் வடிவக் கொக்கியும் வாங்கினால் வேலை முடிந்தது. தாங்க ஒரு இரும்பு ரேக், 150 சென்டிமீட்டராவது உயரம் இருக்க வேண்டும். தட்டுக்கும் தட்டுக்கும் நடுவே 40 சென்டிமீட்டர்தான் இருக்கும் என்பதால் நடுத்தட்டுகளைக் கழற்றிவிடுங்கள். துணிக் கூடாரம் வாங்கச் சொல்பவர்கள் குளிர் நாட்டுக்காரர்கள். இங்கே அதற்குள் சூடும் ஈரமும் சேர்ந்து பூ கொட்டிப்போகும். திறந்த ரேக், மூன்று பக்கமும் வெள்ளை ஃபோம் பலகை, அவ்வளவுதான். சமையலறை அலுமினியத் தாள் சுருங்கிக் கசங்கி ஒளியை இங்கொன்றும் அங்கொன்றுமாகத் தெறிக்கும், அது வேண்டாம்.

கிளிப் போட்ட சிறிய விசிறி ஒன்று, டைமர் ஒன்று, இரண்டு 10 லிட்டர் தொட்டி, பச்சை பிளாஸ்டிக் பூசிய மெல்லிய கம்பி, 10 முதல் 15 சென்டிமீட்டர் கண் உள்ள கொடி வலை. மண் கலவையும் உரமும் தோட்டத்தில் போடுவதுதான், அதைப் பற்றி இங்கே நீட்டவில்லை.

மின்சார வேலையில் இரண்டு விஷயத்தில் கஞ்சம் பிடிக்கக் கூடாது. பிளக், எக்ஸ்டென்ஷன், டைமர் மூன்றிலும் சிரிம் (மலேசியத் தரச் சான்று) முத்திரை இருக்க வேண்டும். விளக்கின் உலோக உடம்புக்கு எர்த் வயர் போயிருக்க வேண்டும், இரண்டு முள் பிளக்கோடு வரும் விளக்கை அடாப்டர் செருகி ஓட்டாதீர்கள். 100 வாட் விளக்கு அரை ஆம்பியர்கூட இழுக்காது. அதனால் மூன்று முள் பிளக்கில் 13 ஆம்பியர் ஃபியூஸை எடுத்துவிட்டு 3 ஆம்பியர் போடலாம். எக்ஸ்டென்ஷனைத் தரையில் வைக்காமல் ரேக்கின் காலில் தொட்டி மட்டத்துக்கு மேலே கட்டுங்கள். வயர் பிளக்கை விடத் தாழ்வாக ஒரு வளைவு போட்டு வரட்டும்; வயரில் வழியும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். மத்தியான இடியில் மெயின் ட்ரிப் ஆவது நமக்குப் பழகிப்போனது. பேட்டரி இல்லாத டைமர் அப்போது நேரத்தைத் தவறவிட்டு நிற்கும். ட்ரிப் ஆன ஒவ்வொரு முறையும் டைமரைத் திருத்துங்கள்.

செலவுக் கணக்கு: 100 வாட், 14 மணி நேரம் என்றால் நாளுக்கு 1.4 யூனிட், மாதத்துக்கு 42 யூனிட். உங்கள் பில்லில் யூனிட்டுக்கு 50 சென் என்றால் 21 வெள்ளி. இரண்டு செடி காய்க்கும் சிலி பாடியை வெட் மார்க்கெட்டில் அதைவிட மலிவாக வாங்கலாம் என்பது உண்மை. வாங்குபவர்கள் வாங்கட்டும்.

உயரம் எதற்கு, டிம்மர் எதற்கு

புதிதாக வருபவர்கள் எல்லோரும் செய்யும் ஒரு காரியம்: ஒளி போதவில்லை என்றால் விளக்கை இறக்குவார்கள், இலை வெளுத்தால் ஏற்றுவார்கள். இதனால் நடுவில் உள்ள இலைக்கு அளவுக்கு மேல், ஓரத்தில் உள்ளதற்கு அரைவயிறு என்று ஆகிவிடும். உயரம் ஒளியைச் சீராகப் பரப்புவதற்கு. டிம்மர் பலத்தைக் கூட்டக் குறைக்க. இந்த இரண்டையும் குழப்பாமல் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

முதலில் உயரம். செடி எதுவும் வைக்காமல் விளக்கைத் தொங்கவிட்டு முழுப் பலத்தில் எரியவிடுங்கள். செடியின் தலைமட்டம் வரப்போகும் உயரத்தில் ஒரு அட்டையைக் கிடையாக வைத்து, அதில் நடு, நான்கு மூலை, நான்கு பக்கம் என ஒன்பது இடத்தைக் குறியுங்கள். கைபேசியில் லக்ஸ் அளக்கும் செயலி இலவசமாகக் கிடைக்கும். அளக்கும் சென்சார் முகப்புப் பக்கம், காதில் வைக்கும் ஸ்பீக்கர் அருகில் இருக்கிறது. திரையை மேல்நோக்கி வைத்து, உங்கள் தலை நிழல் விழாமல் ஒதுங்கி நின்று படியுங்கள். ஒவ்வொரு கைபேசியும் ஒவ்வொரு எண் சொல்லும். ஒரே கைபேசியில் இடத்துக்கு இடம் ஒப்பிடுவதற்கு அது போதும்.

நடுவில் 45,000, மூலையில் 18,000 என்று வந்தால் விளக்கு மிகத் தாழ்வு. ஐந்து சென்டிமீட்டர் ஏற்றி மறுபடி ஒன்பது இடத்தையும் அளக்க வேண்டும். நடு எண் இறங்கும், வெள்ளைப் பலகை இருந்தால் மூலை அவ்வளவாக இறங்காது, சில சமயம் ஏறவும் செய்யும். மூலை, நடுவின் மூன்றில் இரண்டு பங்கைத் தொடும் இடத்தில் நிறுத்துங்கள். சதுரமான 100 வாட் பலகைக்கு இது பெரும்பாலும் 30 முதல் 40 சென்டிமீட்டருக்குள் வரும். ஸ்கேலை இலையின் உச்சியிலிருந்து விளக்குவரை பிடித்து அளக்க வேண்டும். தொட்டி விளிம்பிலிருந்து அளந்தால் அந்த எண்ணுக்கு அர்த்தமில்லை. இனி செடி வளர வளர விளக்கு அந்த இடைவெளியைக் காத்து மேலே போகும், அவ்வளவுதான் அதன் வேலை.

அடுத்தது பலம். வெள்ளை எல்இடிக்கு லக்ஸை ஏறக்குறைய 67-ஆல் வகுத்தால் செடி பயன்படுத்தும் ஒளி, அதாவது ஒரு சதுர மீட்டருக்கு நொடிக்கு எத்தனை மைக்ரோமோல் என்பது கிடைக்கும். நாற்றுக்கு 150 முதல் 250 போதும், லக்ஸில் 10,000 முதல் 17,000. கிளை விடும் வயதில் 300 முதல் 400, அதாவது 20,000 முதல் 27,000. பூத்துக் காய்க்கும்போது 450 முதல் 600, அதாவது 30,000 முதல் 40,000 லக்ஸ். 14 மணி நேரம் 450 கொடுத்தால் நாளுக்கு சுமார் 23 மோல், 600 கொடுத்தால் 30. மிளகாய்க்கு இதுவே தாராளம். டிம்மரை ஒரே நாளில் 40-லிருந்து 80 சதவீதத்துக்குத் திருகாதீர்கள், இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை பத்துப் பத்தாக ஏற்றினால் இலை பழகிக்கொள்ளும்.

நேரம்: ரேக் ஸ்டோர் ரூம் போல இருட்டான இடத்தில் இருந்தால் விளக்கை இரவில் ஓட்டுங்கள், மாலை ஏழு முதல் காலை ஒன்பது வரை. விளக்கு தரும் சூடு இரவுக் குளிர்ச்சியோடு சேர்ந்து சமமாகிவிடும். பகல் 32, 33 டிகிரிக்கு மேலே போய் விளக்குச் சூடும் சேர்ந்தால் மகரந்தம் கெட்டு, பூ காம்போடு உதிரும். ஜன்னல் வெளிச்சம் விழும் ஹாலில் இந்தக் கணக்கு செல்லாது. அங்கே இரவிலும் விளக்கு எரிந்தால் செடிக்கு இருட்டே கிடைக்காது, இலை மஞ்சள் திட்டுத் திட்டாக ஆகும். ஹாலில் வைத்தால் காலை ஏழு முதல் இரவு ஒன்பது. எப்படியும் எட்டு மணி நேரத்துக்குக் குறையாத இருட்டு வேண்டும்.

விசிறி விளக்குக்கும் இலைக்கும் நடுவே காற்று போகிற மாதிரி, குறைந்த வேகத்தில், இரவு பகல் ஓடட்டும். இலை நடுங்க வேண்டும், வளையக் கூடாது.

செடியைத் தட்டையாக்குவது

விளக்கு ஒரு தட்டையான பலகை. கீழே உள்ள செடி கூம்பாக வளர்ந்தால் உச்சி மட்டும் விளக்கை முட்டும், மற்றக் கிளைகள் 20 சென்டிமீட்டர் கீழே நிழலில் கிடக்கும். இலைக்கூரையை மேசைபோல் ஒரே மட்டத்தில் கொண்டுவந்தால்தான் மேலே அளந்த எண்கள் எல்லாக் கிளைக்கும் போய்ச் சேரும்.

விதை போட்டு ஏழு முதல் பதினான்கு நாளில் முளைக்கும். முளைத்த அன்றே விளக்கு. இரண்டு நாள் ஜன்னலோரம் இருக்கட்டும் என்று விட்டால் தண்டு நூலாக நீண்டுவிடும், அது பிறகு தேறுவது கடினம். ஆறேழு நிஜ இலை (முளையிலைக்குப் பிறகு வருபவை) வந்ததும் நுனியைக் கிள்ளுங்கள். ஐந்தாவது இலைக்குச் சற்று மேலே, ஸ்பிரிட்டில் துடைத்த கத்தரியால் ஒரே வெட்டு. ஒரு வாரம் செடி சும்மா நிற்பதுபோல் தெரியும். பிறகு ஒவ்வொரு இலையின் கக்கத்திலிருந்தும் பக்கக் கிளை வரும். நன்றாக இருப்பதில் நாலைந்தை வைத்துக்கொண்டு மற்றதை எடுத்துவிடலாம்.

பக்கக் கிளை 12 முதல் 15 சென்டிமீட்டர் ஆனதும் வளைப்பது. இங்கேதான் கை நடுங்கும். மிளகாய்த் தண்டு, தண்ணீர் ஊற்றிய மறுகணம் முறுக்காக இருக்கும், வளைத்தால் டப்பென்று ஒடியும். தண்ணீர் ஊற்ற வேண்டிய நேரத்துக்குச் சற்று முன், மண் மேல்பரப்பு காய்ந்து இலை லேசாகத் தளரத் தொடங்கும்போது தண்டு சொன்னபடி கேட்கும். கிளை தண்டோடு சேரும் கவட்டையை ஒரு கையின் கட்டைவிரலாலும் ஆட்காட்டி விரலாலும் பிடித்துக்கொள்ளுங்கள், மறு கையால் கிளையின் நடுவைப் பிடித்து வெளிப்பக்கமாகச் சாயுங்கள். முதல் நாள் 45 டிகிரி போதும். தொட்டி விளிம்பில் சுற்றிலும் துளை போட்டு, பச்சைக் கம்பியைத் தண்டில் இறுக்காமல் தொளதொளவென்று கொக்கிபோல் மாட்டி, அந்தத் துளையில் கட்டுங்கள். இரண்டு நாள் கழித்து இன்னும் கொஞ்சம் இறக்குங்கள். நாலைந்து கிளையும் நாலைந்து திசையில், நடு காலியாக விரிய வேண்டும். ஒடிந்துவிட்டதா? தோல் ஒரு பக்கம் ஒட்டிக்கொண்டிருந்தால் பழைய நிலைக்கு நிமிர்த்தி, எலக்ட்ரிக்கல் டேப் சுற்றி, ஒரு குச்சி கட்டிவிட்டால் இரண்டு வாரத்தில் பெரும்பாலும் சேர்ந்துகொள்ளும். முழுக்கப் பிரிந்ததை வெட்டிவிடுவதே வழி.

வளைத்த இரண்டே நாளில் நுனிகள் மறுபடி விளக்கைப் பார்த்து நிமிரும், கிளை நெடுகிலும் புதுத் தளிர் எழும்பும். அப்போது தொட்டி விளிம்புக்கு 25 சென்டிமீட்டர் மேலே ரேக்கின் நான்கு காலிலும் வலையை இழுத்துக் கட்டுங்கள், தொய்வு இருக்கக் கூடாது. வலைக்கு மேலே ஐந்து சென்டிமீட்டர் தலைநீட்டும் தளிரைக் கீழே இழுத்துப் பக்கத்துக் கண் வழியாக விடுங்கள். இது வாரத்துக்கு இரண்டு முறை, ஐந்து நிமிட வேலை. ஒரு வாரம் விட்டுவிட்டால் தண்டு முற்றிப்போய் வளையாது. வலை கட்டிய பிறகு தொட்டியை நகர்த்த முடியாது என்பதை மறக்க வேண்டாம், தண்ணீர் ஊற்றவும் தட்டைக் காலி செய்யவும் கை போகிற மாதிரி முன்கூட்டியே இடம் விட்டு வையுங்கள்.

ஒரு செடி உயரம், மற்றது குட்டை என்றால் குட்டைத் தொட்டிக்கு அடியில் செங்கல் வையுங்கள். உயரமான செடியைக் கணக்கு வைத்து விளக்கை ஏற்றினால் குட்டையானது இன்னும் பின்தங்கும்.

வலைக்கண்களில் முக்கால்வாசி நிறையும்வரை கவட்டையில் வரும் முதல் பூக்களைக் கிள்ளி எறியுங்கள். மனசு வராதுதான். அந்த வயதில் ஒரு காய் பிடித்தால் செடி வளர்ச்சியை நிறுத்திவிடும், பிறகு வலை நிறையவே நிறையாது. நிறைந்ததும் கத்தரிப்பதை நிறுத்தி, பூவை விட்டுவிடலாம். டிம்மரை ஏற்றுவதும் இப்போதுதான்.

பிறகு அடிப்பகுதி. கைபேசியை இலைக்கூரைக்கு அடியில் நீட்டி அளங்கள். 3,000 லக்ஸுக்குக் கீழே உள்ள இடத்து இலைகள் செடிக்குச் சம்பாதித்துக் கொடுப்பதில்லை, ஈரத்தைப் பிடித்து வைத்துப் பூச்சிக்கு இடம் கொடுக்கும். அவற்றையும் அங்கே முளைக்கும் ஒல்லித் தளிர்களையும் எடுத்துவிடுங்கள். ஒரே தடவையில் மொத்த இலையில் கால் பங்குக்கு மேல் எடுக்காமல், ஒரு வாரம் இடைவெளி விட்டு மிச்சத்தை எடுக்கலாம். மண்ணுக்கும் முதல் இலைக்கும் நடுவே 15 சென்டிமீட்டர் வெறும் தண்டு தெரிந்தால் காற்று தாராளமாகப் போகும்.

வீட்டுக்குள் தேனீ வராது. மிளகாய்ப் பூவில் ஆண், பெண் இரண்டும் உண்டு என்பதால் அசைவு மட்டும் போதும். விளக்கு எரிந்து இரண்டு மூன்று மணி நேரம் கழித்து, பூக்கள் விரிந்திருக்கும்போது வலையை விரலால் நாலு தட்டு தட்டுங்கள். பேட்டரி டூத்பிரஷ் முதுகைப் பூக்காம்பில் ஒரு நொடி தொட்டாலும் சரி.

எது எதனால்

மேல் இலை வெளுத்து வெள்ளையாவது, விளக்குக்கு நேர்கீழே மட்டும் என்றால் ஒளி அதிகம். டிம்மரை 20 சதவீதம் குறையுங்கள். வெளுத்த இலை பச்சையாகாது, அடுத்து வருவதைப் பாருங்கள். இலை ஓரம் மேல்நோக்கி மடிந்து படகுபோல் நின்றால் சூடு: இலை மட்டத்தில் புறங்கையை அரை நிமிடம் வையுங்கள், பொறுக்க முடியாத வெப்பம் தெரிந்தால் விசிறியைத் திருப்பிவிடுங்கள்.

விளக்கைக் குறை சொல்லி ஏமாறும் இடம் ஒன்று உண்டு. நுனித் தளிர் மட்டும் சுருண்டு, தடித்து, கீழ்நோக்கி வளைந்து, அடிப்பக்கம் செம்பு நிறத்தில் பளபளத்தால் அது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத சிலந்திப்பேன் வகை. பூதக்கண்ணாடி வைத்தால்தான் தெரியும். விளக்கை எவ்வளவு ஏற்றினாலும் அது போகாது. பாதித்த நுனிகளை வெட்டிப் பைக்குள் கட்டி எறிந்துவிட்டு, நனையும் கந்தகத் தூளை லேபிளில் உள்ள அளவுப்படி கரைத்து, விளக்கு அணைந்த பிறகு தெளியுங்கள். வேப்பெண்ணெய் தெளித்திருந்தால் இரண்டு வாரம் கழித்துத்தான் கந்தகம், இரண்டும் சேர்ந்தால் இலை கருகும்.

இலையின் அடியில் உப்பு தூவியதுபோல் சின்னச் சின்னக் கொப்புளம் வந்தால் நோயில்லை. வேர் நிறையக் குடிக்கிறது, காற்றில் ஈரம் அதிகமாக இருப்பதால் இலையால் வெளியேற்ற முடியவில்லை. மழை மாதங்களில் இது வராத வீடு குறைவு. தண்ணீரைக் குறைத்து விசிறியைக் கூட்டினால் புது இலையில் வராது. பழைய இலைகளில் நரம்பு பச்சையாக இருக்க, நடுவில் மஞ்சளாவது மெக்னீசியக் குறை. எப்சம் உப்பு லிட்டருக்கு ஒரு கிராம் கரைத்து வாரம் ஒருமுறை இலையில் தெளித்தால் போதும்.

தொட்டிக்கு அடியில் உள்ள தட்டில் தண்ணீர் நின்றால் ஏடிஸ் முட்டையிடும், அது வீட்டுக்குள்ளேயும் வரும். கொசு இனப்பெருக்கத்துக்கு இடம் கொடுப்பது 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குற்றம், சுகாதார அதிகாரி செடித் தட்டைத்தான் முதலில் தூக்கிப் பார்ப்பார். ஊற்றிய அரை மணி நேரத்தில் தட்டில் இறங்கியதைக் கொட்டிவிடுங்கள், வாரம் ஒருமுறை தட்டின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுங்கள்.

விதை போட்டு நாலைந்து மாதம் ஆனால் காய் பழுக்கத் தொடங்கும். காய்ப்பு ஓய்ந்ததும் செடியைப் பிடுங்க வேண்டாம், சிலி பாடி இரண்டு மூன்று வருடம் தாங்கும். வலையை அறுத்து எடுத்து, தொட்டி விளிம்பிலிருந்து 20 சென்டிமீட்டர் விட்டு எல்லாக் கிளையையும் ஒரே மட்டத்தில் வெட்டுங்கள். விளக்கைப் பழைய இடைவெளிக்கு இறக்கி, அதன் முகத்தில் படிந்த தூசியை ஈரத்துணியால் துடைத்து, டிம்மரை 40 சதவீதத்தில் வையுங்கள். தளிர் வந்து 12 சென்டிமீட்டர் ஆனதும் மறுபடி வளைக்கத் தொடங்கலாம்.